உங்கள் பகுதிக் கடற்கரையில் மாதாந்திர இயற்கை நடை: தொடங்கி நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

கடற்கரை இயற்கை நடை நடத்த விரும்புகிறவர்கள் பெரும்பாலும் போஸ்டரில் இருந்து தொடங்குகிறார்கள். ஞாயிறு காலை ஆறு மணி, எல்லோரும் வரலாம் என்று வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். அறுபது பேர் வருகிறார்கள். அன்று அந்த நேரத்துக்குக் கடல் ஏறியிருக்கிறது. வலை காயும் இடத்தில் குழந்தைகள் ஓடுகிறார்கள், குப்பத்தில் முகம் சுளிக்கிறார்கள். இரண்டாவது நடை நடப்பதே இல்லை.

இதில் எல்லாமே வரிசை தவறியதால் வருகிற சிக்கல்கள். முதலில் இடம், அடுத்து அங்கே வாழ்கிறவர்கள், அப்புறம் கடலின் நேரம், கடைசியாகத்தான் கூட்டம். சென்னையை, அதிலும் பெசன்ட் நகர் முதல் நீலாங்கரை வரையிலான கரையை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கடலூரிலோ தூத்துக்குடியிலோ இருப்பவர்களுக்கு உயிரினங்களும் மணிக்கணக்கும் மாறும். வரிசை மாறாது.

1. ஒரே ஒரு கிலோமீட்டரைத் தேர்ந்தெடுங்கள்

ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு கடற்கரைக்குப் போகலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் மாற்றம் கண்ணில் படும். கார்த்திகையில் இருந்த மணல்மேடு சித்திரையில் எங்கே போனது என்று பத்து வயதுப் பிள்ளை கேட்க வேண்டுமென்றால், அந்தப் பிள்ளை இரண்டு மாதத்திலும் அதே இடத்தில் நின்றிருக்க வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் துண்டில் மூன்று விஷயங்கள் இருப்பது நல்லது: அலை வந்து போகும் திறந்த மணல், அடம்பங்கொடியோ ராவணன் மீசையோ படர்ந்த மேல்மணல், படகு வந்து மீன் இறங்கும் இடம். பக்கத்தில் ஒரு தூண்டில் வளைவு (கடலரிப்பைத் தடுக்கக் கற்களைக் கொட்டிக் கட்டும் சுவர்) இருந்தால் பாறையில் ஒட்டி வாழும் உயிர்களையும் காட்டலாம். ஆற்று முகத்துவாரம் இருந்தால் பறவைகள் கூடுதல் லாபம். ஆனால் முகத்துவாரத்துக்கு அருகே நீரோட்டம் இழுக்கும் என்பதால், அங்கே தள்ளி நின்று பார்ப்பதோடு சரி.

2. குப்பத்தில் பேசுங்கள்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு நல்லபடியாக நீடித்த நடை எதையும் நான் பார்த்ததில்லை.

நமக்குக் கடற்கரை என்பது காற்று வாங்கும் இடம். மீனவர்களுக்கு அது வேலை செய்யும் இடம். வலை காயப் போடுவது, படகு ஏற்றுவது, மீன் ஏலம் விடுவது எல்லாம் அந்த மணலில்தான். ஒருவருடைய பட்டறைக்குள் கேட்காமல் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு போக மாட்டோம் அல்லவா?

முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பாருங்கள். காலையில் படகு கரையேறும் பரபரப்பில் போகாதீர்கள். மீன் விற்று முடிந்து, வலையைப் பிரித்துச் சரிசெய்யும் நேரத்தில் போனால் உட்கார்ந்து பேசுவார்கள். எதற்காக வருகிறோம், எத்தனை பேர், எந்த நாள், படம் எடுப்போமா, அந்தப் படம் எங்கே போகும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். எந்த இடத்தில் நிற்கக் கூடாது, எந்த நாளில் ஊர்க் கூட்டம், கோயில் திருவிழா என்று அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக, கூட நடக்க ஒருவரைக் கேளுங்கள். கடலுக்குப் போன அனுபவம் உள்ள ஒரு அண்ணாவோ, மீன் விற்கும் அக்காவோ வந்தால் நடையின் தரமே வேறு. காற்றின் திசையைப் பார்த்து இன்று வாடையா கொண்டலா என்று சொல்வதும், தண்ணீரின் ஓட்டத்தையும் நிறத்தையும் வைத்து இன்று என்ன மீன் படும் என்று கணிப்பதும் எந்தக் கையேட்டிலும் கிடைக்காத படிப்பு.

அவர்களுக்குக் கட்டாயம் பணம் கொடுங்கள். வந்த நேரத்துக்கு அவர்கள் வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள். எவ்வளவு என்பதை முதல் சந்திப்பிலேயே பேசி முடித்துவிட வேண்டும். நடையின் முடிவில் உறையில் வைத்துத் தயங்கித் தயங்கி நீட்டுவது இரு பக்கமும் சங்கடம். குப்பத்துப் பிள்ளைகளிடம் கட்டணம் வாங்காதீர்கள். பல சமயம் வெளியிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அவர்கள்தான் வழிகாட்டியாக மாறிவிடுவார்கள்.

3. தேதியைக் கடலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

நம் கரையில் ஒரு நாளில் கடல் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் பின்னால் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் அதிகம் ஏறி அதிகம் வற்றும்.

இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். பௌர்ணமி என்று தெரிந்ததும் அன்று காலையிலேயே கூட்டம் போட்டுவிடுகிறார்கள். நீர் நன்றாக வற்றும் நாள் அதுதான். ஆனால் வற்றும் மணி பின்னிரவிலோ உச்சி வெயிலிலோ விழலாம். கடல் ஏறும், வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பாருங்கள். காலை வேளைக்குப் பொருந்தவில்லை என்றால் மூன்று நாலு நாள் தள்ளிப் பாருங்கள். நேரம் நகர்ந்து விடியலுக்கு வந்து சேரும், வற்றும் ஓரளவு மிஞ்சியிருக்கும்.

இன்னொன்று. மும்பையிலோ குஜராத்தின் கட்ச் வளைகுடாவிலோ எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, கடல் விலகிப் பாறைக்குட்டைகள் நீளமாகத் திறந்து கிடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அங்கே ஏற்ற இறக்கம் பல மீட்டர். சென்னையில் அது சுமார் ஒரு மீட்டர்தான். இங்கே நமக்குக் கிடைப்பது சில அடி அகலமுள்ள ஈரமணல் பட்டை. அதுவே போதும்.

ஹைதராபாத்தில் இருந்து இயங்கும் இன்காய்ஸ் நிறுவனம் அலை உயர முன்னறிவிப்பையும் எச்சரிக்கைகளையும் வெளியிடுகிறது. முந்தைய நாள் இரவும் கிளம்பும் காலையும் அதைப் பார்ப்பது கட்டாயம். வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கும்போதும் தொலைதூரப் புயலால் எழுந்த பேரலை கரையில் வந்து ஏறலாம். கள்ளக்கடல் என்று சொல்வது இதைத்தான். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தபோது, எச்சரிக்கை ஏற்கெனவே வந்திருந்தது. எச்சரிக்கை இருந்தால் நடை ரத்து. இதில் விவாதமே கூடாது.

4. தனியாக ஒருமுறை நடந்து பாருங்கள்

நடைக்கு முந்தைய ஓரிரு நாளில், அதே நேரத்தில், அதே தூரத்தை நீங்களும் உடன் நடத்துகிறவரும் மட்டும் நடந்து பாருங்கள். ஒரு கிலோமீட்டரை நின்று நின்று பார்த்தபடி நடக்க இரண்டு மணி நேரம் ஆகும். வெயில் எப்போது ஏறுகிறது, எங்கே நிழல், கழிப்பறை எங்கே, நாய்க்கூட்டம் எங்கே, கண்ணாடிச் சில்லு எங்கே கிடக்கிறது என்பதெல்லாம் இந்த நடையில்தான் தெரியவரும். கழிப்பறை விஷயத்தை ஆண்கள் மட்டும் திட்டமிடும் குழுக்கள் தவறாமல் மறந்துவிடுகின்றன.

5. ஆட்களைச் சேர்ப்பது

பதினைந்து பேர் போதும். இருபதைத் தாண்டினால் பின்னால் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. கையளவு நண்டைச் சுற்றி எத்தனை பேர் குனிய முடியும் என்று யோசித்துப் பாருங்கள்.

குழந்தைகள் என்றால் ஐந்து பேருக்கு ஒரு பெரியவர். எட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரும் கூடவே வர வேண்டும். பள்ளி வழியாக வந்தால் பெற்றோர் ஒப்புதல் கடிதம், அவசரத் தொடர்பு எண், ஒவ்வாமை விவரம் மூன்றும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு ஒரு தகவல் கொடுத்துவிடுவது நல்லது.

பொறுப்புகளைப் பிரியுங்கள். முன்னால் ஒருவர் பேசுவார். கடைசியில் ஒருவர் யாரும் பின்தங்காமல் பார்ப்பார். மூன்றாமவர் கடலைப் பார்த்தபடியே நிற்பார். உயிரினம் எதையும் அவர் குனிந்து பார்க்கக் கூடாது. மற்ற எல்லோரும் முதுகைக் கடலுக்குக் காட்டிக் குனிந்திருக்கும் நேரத்தில் பெரிய அலை வருவதைச் சொல்ல ஒருவர் வேண்டும். விதி ஒன்றுதான்: கணுக்காலுக்கு மேல் தண்ணீர் கூடாது. சென்னைக் கரை சட்டென்று ஆழமாகும், இழுப்பும் அதிகம்.

கொண்டுவர வேண்டியவை: தொப்பி, தண்ணீர் பாட்டில், நனைந்தாலும் பரவாயில்லை என்ற செருப்பு, நோட்டு, பென்சில். பேனா ஈரத்தில் எழுதாது. நடத்துகிறவர்கள் எடுத்துப்போக வேண்டியவை: முதலுதவிப் பெட்டி, கைலென்ஸ், ஒரு மீட்டர் சதுரமாக முடிந்த கயிறு, பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேல், வெளிப்படையான அகலமான டப்பா ஒன்று. வலையோ வாளியோ வேண்டாம். கையில் வாளி இருந்தால் பிடித்துப் போடத்தான் தோன்றும்.

6. நடை: மேலிருந்து கீழே, கடைசியில் மீன்கரை

வந்தவுடன் எல்லோரும் தண்ணீரை நோக்கி ஓடுவார்கள். தடுத்து, முதலில் மேல்மணலுக்குக் கூட்டிப்போங்கள். காலைநடைக் கூட்டமும் காக்கையும் நாயும் கலைப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை அங்கேதான் இருக்கின்றன. இரவில் நண்டு ஓடிய தடம், அடம்பங்கொடி பிடித்து வைத்திருக்கும் மணல், வளைகளின் வாய். கண்கள் காம்பு மேல் நிற்கும் அந்த வேகமான நண்டுகளின் வளைகளைக் கயிற்றுச் சதுரத்தை வைத்து எண்ணச் சொல்லுங்கள். மேல்மணலில் வளைகள் பெரியதாகவும் நீரோரம் சிறியதாகவும் இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். வண்டி ஓடும், கூட்டம் மிதிக்கும் இடத்தில் வளைகள் குறையும். அதனால் மாதந்தோறும் அதே இடத்தில் எண்ணினால், கரை எவ்வளவு மிதிபடுகிறது என்பதற்கு எளிமையான அளவுகோல் கிடைத்துவிடும்.

அடுத்து, முந்தைய ஏற்றத்தில் அலை விட்டுச்சென்ற கோடு. கடற்பாசி, கணவாய் ஓடு, சிப்பி, நைலான் நூல் எல்லாம் ஒரே வரியில் கிடக்கும். இங்கே நிறைய நேரம் கொடுங்கள்.

சிப்பிகளில் சிலவற்றில் துல்லியமான வட்டத் துளை இருக்கும். மாலை கோப்பதற்காக யாரோ போட்டது என்றுதான் பெரியவர்கள்கூட நினைப்பார்கள். ஒன்றை எடுத்து லென்ஸில் காட்டுங்கள். துளை வெளிப்பக்கம் அகலமாகவும் உள்பக்கம் குறுகியும், விளிம்பு வழவழப்பாகச் சரிந்தும் இருக்கும். நிலா நத்தை செய்த வேலை அது. மணலுக்குள் சிப்பியைப் பிடித்து, ஓட்டை இளக்கும் சுரப்பைத் தடவி, பல் வரிசை கொண்ட நாக்கால் அராவி அராவித் துளைத்து, உள்ளிருக்கும் சதையைத் தின்றுவிடும். சொல்லி முடித்ததும் பதில் வேண்டாம், தேடச் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் துளையுள்ள சிப்பி ஒரு கை நிறையச் சேரும். பெரும்பாலான துளைகள் ஓட்டின் எந்தப் பகுதியில் இருக்கின்றன என்று ஒருவராவது கவனிப்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் அன்றைய நடைக்கு அதுவே போதும். பார்த்த சிப்பிகளைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும். காலி நத்தை ஓடுகள் துறவி நண்டுக்கு வீடு. அது வளர வளரப் பெரிய ஓடு தேடி மாறும்.

மூன்றாவதாக ஈரமணல். அலை பின்வாங்கும் அந்த ஓரிரு நொடியில் மணலில் ஆங்கில 'வி' வடிவில் கோடுகள் தோன்றும். அதற்கு அடியில் பெருவிரல் அளவில் முட்டை வடிவ மோல் நண்டு புதைந்திருக்கிறது, இறகு போன்ற உணர்கொம்புகளை நீட்டித் திரும்பும் நீரில் இரையை வடிகட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்றை மணலோடு சேர்த்து அள்ளி, கடல்நீர் உள்ள டப்பாவில் வைத்து எல்லோரும் பார்த்ததும் அதே இடத்தில் விடுங்கள். பின்பக்கமாகத் தோண்டிக்கொண்டு மறைவதைப் பார்ப்பதுதான் சிறப்பு. ஒரு நிமிடத்துக்கு மேல் டப்பாவில் வைத்திருக்க வேண்டாம். சிறிய அளவு தண்ணீர் வெயிலில் சீக்கிரம் சூடாகும். குப்பத்தில் இதற்கு என்ன பெயர் என்று கூட வந்திருக்கும் அண்ணாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லா உயிருக்கும் இதைப் பழக்கமாக்குங்கள்.

தூண்டில் வளைவில் பார்ப்பதென்றால் நீர் நன்றாக வற்றியிருக்கும்போது மட்டும், ஓரத்துக் கற்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாசி படிந்த கற்கள் வழுக்கும். புரட்டிய கல்லை அதே நிலையில் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். அடியில் வாழ்வது வெயிலில் செத்துப்போகும்.

கடைசியில் மீன் இறங்கும் இடம். படகு வந்ததும் வழியில் நிற்காமல் ஓரமாக நின்று பாருங்கள். செருப்புக் காலோடு வலைமேல் ஏறக் கூடாது. ஏலம் நடக்கும்போது கேள்வி கேட்கக் கூடாது. முடிந்த பிறகு கேளுங்கள்: நெத்திலி எந்த வலையில் படும், நண்டு வலை எத்தனை ஆழத்தில் போடுவார்கள், சினை நண்டு வந்தால் என்ன செய்வார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நடந்தால் எந்தப் படகு போகிறது, எது நிற்கிறது என்பதே ஒரு பாடம்.

7. தொடக் கூடாதவை

நடை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டிய பகுதி இது. எதைப் பார்த்தாலும் முதலில் நடத்துகிறவரைக் கூப்பிட வேண்டும் என்பதே முதல் விதி.

கூம்பு வடிவ நத்தைகள் அழகாக இருக்கும். உயிருள்ளவை விஷ ஊசியால் குத்தும். சில இனங்கள் ஆளையே கொல்லும். வலையில் சிக்கிக் கரையில் கிடக்கும் கடல் பாம்பு செத்ததுபோல் தோன்றினாலும் கிட்டப் போகாதீர்கள். கெளுத்தியின் முள், திருக்கையின் வால் முள் இரண்டும் செத்த பிறகும் குத்தும். சொறி, அதாவது ஜெல்லி மீன், கரையில் காய்ந்து கிடந்தாலும் அதன் இழைகள் கொட்டும். நீல நிறக் காற்றுப்பை ஊதி நிற்பதுபோல் கிடக்கும் உயிரியின் இழை மீட்டர் கணக்கில் நீளும், கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு பெசன்ட் நகரில் நீல டிராகன் எனும் சிறிய கடல் நத்தைகள் ஒதுங்கின. பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் சொறிகளைத் தின்று அவற்றின் கொட்டும் செல்களையே தன்னிடம் சேர்த்து வைத்துக்கொள்ளும். புயலுக்குப் பிந்தைய நாட்களில் ஒதுங்குபவை அதிகம். வெறுங்காலோடு யாரையும் விடாதீர்கள்.

சொறி கொட்டினால் மணலால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீரும் ஊற்றக் கூடாது. கடல்நீரால் கழுவி, ஒட்டிய இழையை இடுக்கியால் எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர் படும்படி வைத்தால் வலி குறையும். மூச்சுத் திணறலோ தலைசுற்றலோ வந்தால் உடனே 108. பாம்பு, கூம்பு நத்தை என்றால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சட்டமும் இதில் வருகிறது. கடல்குதிரை, கடல் அட்டை, பவளம், கடலாமை எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. செத்து ஒதுங்கியிருந்தாலும் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது.

8. பதிவு செய்யும் முறை

உயிரினங்களைப் படமெடுத்துப் பதிவு செய்து பெயர் கண்டறிய உதவும் ஐநேச்சுரலிஸ்ட் செயலி நல்ல தொடக்கம். அதில் பலரும் செய்வது ஒரே ஒரு அழகான படம் போடுவது. அடையாளம் காண அது போதாது. நத்தை ஓடு என்றால் முதுகுப் பக்கம் ஒன்று, வாய்ப் பக்கம் ஒன்று. நண்டு என்றால் மேலே, அடியில், கொடுக்கு. எல்லாவற்றிலும் ஸ்கேல் தெரிய வேண்டும். செயலி சொல்லும் பெயரை அப்படியே ஏற்காமல் பேரினம் அளவில் நிறுத்திவிட்டு, தெரிந்தவர்கள் உறுதி செய்யும் வரை காத்திருங்கள்.

செயலியைவிட நோட்டு முக்கியம். தேதி, நேரம், திதி, காற்று, அலை, வளை எண்ணிக்கை, ஒதுங்கியவை, குப்பத்துப் பெயர்கள். ஒவ்வொரு மாதமும் அதே பக்க அமைப்பில் எழுதினால்தான் பின்னால் ஒப்பிட முடியும். நிலையான ஒரு விளக்குக் கம்பத்தில் இருந்து நீர்விளிம்பு வரை அடி வைத்து அளந்தும் எழுதுங்கள். ஆண்டின் பெரும்பகுதி மணல் வடக்கே நகர்கிறது, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்புகிறது. துறைமுகச் சுவர் இந்த ஓட்டத்தைத் தடுத்ததால்தான் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. உங்கள் நோட்டில் அந்த நகர்வின் ஒரு துணுக்கு எண்களாக இருக்கும்.

9. ஆமைப் பருவம்

பங்குனி ஆமைகள் சென்னைக் கரையில் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிடும். இரவு நடையை நீங்களே ஏற்பாடு செய்யாதீர்கள். 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்புக் குழுவான எஸ்.எஸ்.டி.சி.என்., பருவத்தில் வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் கூட்டிப்போவது வழக்கம். அவர்களோடு சேர்ந்து நடங்கள். டார்ச், ஃப்ளாஷ் இரண்டும் கூடாது. வெளிச்சம் பட்டால் கரையேறும் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும், குஞ்சுகள் கடலை விட்டு விளக்கை நோக்கிப் போகும். முட்டைக் குழி தெரிந்தால் இடத்தைச் சமூக ஊடகத்தில் போடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பகல் நடையில் செத்த ஆமையைப் பார்க்க நேரிடும். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. பிள்ளைகளைத் திசைதிருப்ப வேண்டாம். சற்றுத் தள்ளி நின்று பதிவு செய்யுங்கள்: இடம், படம், துடுப்பில் உலோகப் பட்டை உண்டா, வலைத் தடமோ காயமோ உண்டா. வால் ஓட்டைத் தாண்டி நீண்டிருந்தால் வளர்ந்த ஆண். ஓட்டின் இரு பக்கமும் ஆறேழு செதில்கள் இருந்தால் பங்குனி ஆமை. நான்கு என்றால் பேராமையாக இருக்கலாம். தொடாமல், வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

ஏன் இறந்தது என்று கேட்பார்கள். ஆமை மூச்சு விட மேலே வர வேண்டும், இழுவலைக்குள் சிக்கினால் மூழ்கிச் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவை கூடாது என்ற விதி மீறப்படும்போது இது அதிகமாகிறது. இதைச் சொல்லும்போது இழுவைப்படகு வேறு, குப்பத்து ஃபைபர் படகு வேறு என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் பக்கத்தில் நிற்கும் அண்ணாவைக் குற்றவாளியாகப் பார்க்கத் தொடங்குவார்கள்.

10. குப்பை அள்ளுவது எப்போது?

முதல் மாதமே வேண்டாம். எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று தெரியாமல் கையுறை போட்டவர்கள் கடற்பாசியையும் காய்ந்த கொடியையும் சேர்த்து அள்ளிவிடுகிறார்கள். அழுகும் கடற்பாசி மணற்பூச்சிகளுக்கு உணவு, அவை பறவைகளுக்கு உணவு. மூன்று நாலு நடைக்குப் பிறகு தொடங்குங்கள். ரேக் போட்டு மேல்மணலைக் கீறாதீர்கள். ஆமைப் பருவத்தில் கீழே முட்டை இருக்கலாம். அறுந்த வலை கிடந்தால் குப்பத்தில் கேட்காமல் எடுக்காதீர்கள், அது காயப் போட்டதாகவும் இருக்கலாம். சேர்ந்ததை வகை பிரித்து எண்ணி எழுதிவிட்டு, மாநகராட்சி வண்டி எப்போது வரும் என்று முன்பே பேசி வைத்த நேரத்தில் ஒப்படையுங்கள். மூட்டையைக் கரையில் விட்டுவிட்டுப் போனால் மாலைக்குள் நாய் கிழித்துப் பரப்பிவிடும்.

11. ஆறு மாதத்துக்குப் பிறகு

நோட்டில் சேர்ந்ததை முதலில் குப்பத்தில் காட்டுங்கள். ஒரு சார்ட் தாளில் மாதவாரியாக எழுதிப் படகுத்துறை அருகே வைத்தாலே போதும். தவறுகளை அவர்களே திருத்துவார்கள். குப்பத்துப் பெயர்களுக்குப் பக்கத்தில் இன்னும் நாலு பெயர் சேரும்.

அதற்கப்புறம் வெளியே கொண்டுபோங்கள். மணலில் விழும் தெருவிளக்கின் வெளிச்சத்தை ஆமைப் பருவம் முடியும் வரை மறைக்கச் சொல்லி மாநகராட்சிக்கு மனு கொடுக்கலாம். எந்தக் கம்பம், எத்தனை மணி, எந்தத் தேதியில் குஞ்சு எந்தப் பக்கம் போனது என்று இருந்தால் மனுவுக்குப் பதில் கிடைக்கும் வாய்ப்பு கூடும். கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடங்கள் பொதுமக்கள் கருத்துக்கு வரும்போது, வலை உலர்த்தும் இடமும் படகு நிறுத்தும் இடமும் அதில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று ஊர்ப் பஞ்சாயத்தாரோடு உட்கார்ந்து சரிபாருங்கள். விடுபட்டிருந்தால் ஆட்சேபணையை அவர்கள் எழுதட்டும். உங்கள் தேதியிட்ட படங்களையும் நோட்டின் நகலையும் அதோடு இணைத்துக் கொடுங்கள்.